வேட்பாளர் வந்துபோன வீடுகள்

தேர்தலில் நிற்கப்போகிறோம் என்று கலைமணி ஒருநாளும் நினைத்ததில்லை. நின்றிருக்க வேண்டியவர் அவள் கணவர் சந்திரமோகன். கடத்தூர் கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவர். பேரூராட்சித் தேர்தல் இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஆளைக் கூட்டிவந்து ஏணி பிடிப்பார். கல்யாணம், கருமாதி, காதுகுத்து எதையும் விட்டுவைக்க மாட்டார். அப்படியெல்லாம் பாடுபட்டுத் தன் வார்டைப் பதப்படுத்தி வைத்திருந்த வேளையில் அறிவிப்பு வந்தது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நீ நில்லு கலை. பேருதான் உன்னுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறன்" என்றார்.

மற்றதெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். நோட்டீசில் அவள் படத்தைவிட அவர் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சுயேச்சை என்பதால் கொடுத்த சின்னங்களில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது, அலமாரியை எடுத்தார். "எல்லார் வூட்லயும் இருக்கறது, மறக்காது" என்றார். கலைமணிக்கு இருந்த வேலை, கும்பிடுவதும் சிரிப்பதும்தான்.

கொரோனாவின் மூன்றாவது அலை வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஊர்வலம் கூடாது, வண்டி வரிசை கூடாது, வேட்பாளரோடு ஓரிருவர் மட்டும் வீடு வீடாகப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். முகக்கவசம் கட்டாயம். கலைமணி போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். ஆனால் முதல் தெருவிலேயே ஒரு பெரியவர், "மூஞ்சியக் காட்டுங்க தாயி, யாருக்குப் போடறம்னு தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டார். சந்திரமோகன் சிரித்தபடி அவள் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிச் சிரித்துவிட்டு, தெருவுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஏற்றுகிற இடத்தில் யாரும் இல்லை, இறக்குகிற இடத்தில்தான் ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மாதா கோயில் தெருவில் மதலேனம்மாள் காலையில் இட்லிக் கடை போடுவாள். வாசலில் ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு தோசைக்கல். மகன் ஜோசப் ராஜ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். மருமகள் கேத்தரின்தான் கூடமாட நிற்பாள். மதலேனம்மாளுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சு விசில் அடிக்கும். ஆனாலும் விடியும்முன் அடுப்பு எரிந்துவிடும்.

அந்தத் தெருவுக்குப் போன காலையில் சந்திரமோகனுக்கு ஒரு யோசனை வந்தது. "கலை, நீயே ரெண்டு தோசை ஊத்து. போட்டோ எடுத்துப் போடலாம்."

கலைமணி கரண்டியை வாங்கிக்கொண்டாள். முதல் தோசை பிய்ந்துபோனது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதலேனம்மாளும் சிரித்தாள், கலைமணியின் கையைப் பிடித்து, "இப்புடி நடுவுல இருந்து சுத்தணும்ங்க" என்று காட்டினாள். இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டுகிற மாதிரி குனிந்திருந்தபோது சந்திரமோகன் படம் எடுத்தார். அன்று மதியத்துக்குள் அது வார்டில் பாதிப் பேர் போனுக்குப் போய்விட்டது. நன்றாக வந்திருந்த படம். தன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்துக் கலைமணிக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போல் வலித்தது. தொண்டையில் முள் குத்தியது. அலைச்சல் என்று நினைத்தாள். சாயந்தரம் குளிர் எடுத்தபோது சந்திரமோகனுக்கே பயம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இருவரும் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு போனில் வந்தது. அவருக்கு இல்லை, அவளுக்கு இருந்தது.

சந்திரமோகன் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. தொண்ட கட்டிருச்சு, பேச்சு வரலன்னு சொல்லிக்கலாம். பேசாம நீ மாடியில இரு. சனிக்கெழம ஓட்டு. அதுவரைக்கும் நான் பாத்துக்கறன்."

மாடியில் ஒரே அறை. மகள் சேலத்தில் விடுதிக்குப் போகும்வரை அதில் படித்துக்கொண்டிருந்தாள். கலைமணி அங்கே போய்ப் படுத்தாள். கணவர் வேளாவேளைக்குச் சாப்பாட்டைப் படியில் வைத்து, கைதட்டிவிட்டு இறங்குவார். கஞ்சி, மிளகு ரசம், வெந்நீர் எதிலும் குறை வைக்கவில்லை. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டது. விட்ட பிறகுதான் யோசிக்க நேரம் கிடைத்தது.

அன்று பகலில் அவர் போனில் பேசினார். "ஓட்டுக் கேட்டு நாலு வரி பேசி அனுப்பு. ஆட்டோவுல போடணும். ஆளக் காணம்னு கேக்கறாங்க." எழுதிக்கொடுத்ததைப் பார்த்துக் கம்மிய குரலில் படித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டோ அவர்கள் வீட்டு வழியாகவே வந்தது.

"வணக்கம். நான் உங்கள் கலைமணி சந்திரமோகன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தேன். உங்களில் ஒருத்தியாக உங்களோடு இருந்தேன்..."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டாள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தேன். ஆமாம், வந்தாள். யார் யார் வீட்டுக்கு? ராஜப்பன் வீட்டில் பேரக்குழந்தையைக் கையில் வாங்கினாள். மேல்தெருவில் ஆரத்தி எடுத்த பெண்கள் நெற்றியில் பொட்டு வைத்தார்கள், ஒவ்வொருத்தி கையையும் பிடித்தாள். மதலேனம்மாள்.

கேத்தரின் எண் அவளிடம் இருந்தது. உரக்கடையில் மத்தியான வேளைகளில் உட்காருபவள் கலைமணிதான். தக்காளிக்கு மருந்து கேட்டு, மல்லிச்செடிக்கு உரம் கேட்டு வருகிறவர்களின் எண்கள் எல்லாம் போனில் இருந்தன. அழைத்தாள்.

"கேத்தரின், நான் கலைமணி பேசறம்மா. மதலேனம்மா எப்புடி இருக்காங்க?"

"சளிதாங்க்கா. ராத்திரி கொஞ்சம் இருமுனாங்க. கசாயம் வெச்சுக் குடுத்தன். நீங்க எப்புடி இருக்கறீங்க? தொண்ட கட்டிருச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

"தொண்ட இல்லம்மா. எனக்குக் கொரோனா. டெஸ்ட்ல வந்துருச்சு. ஒங்க வூட்டுக்கு வந்த மறுநாளே உடம்பு முடியல. மதலேனம்மாவக் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுத்துரும்மா. நீயும் எடுத்துக்க."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது.

"அன்னைக்கு மாஸ்க்க எறக்கிட்டுத்தான தோச ஊத்துனீங்க?"

"ஆமாம்மா."

"அண்ணன் நேத்துகூட வந்து பெஞ்சுல உக்காந்து காபி குடிச்சாரு. அவருக்குத் தெரியாதுங்களா?"

கலைமணி பதில் சொல்வதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் மனம் சொன்னது. ஒரு வீட்டுக்கே இப்படி என்றால் மற்ற வீடுகளுக்கு எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் சொல்லாமல் விட்டால், சனிக்கிழமை அந்த வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்து வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். அதை நினைத்ததும் போனைத் திரும்ப எடுத்தாள்.

எல்லா வீடும் ஒரே மாதிரி பேசவில்லை. ஒருத்தி, "நாங்க ரெண்டு ஊசி போட்டுட்டமுங்க, எங்கள ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தாள். ஒருவர் முழுதாகக் கேட்காமலே திட்டினார். ஒரு வீட்டில், "அப்ப எங்கள ஸ்கூல்ல கொண்டுபோயி அடச்சு வெப்பாங்களா?" என்று பயந்தார்கள். ராஜப்பன் நெசவுக்காரர், எதையும் சட்டென்று நம்பாதவர்.

"இது என்னாம்மா புது தினுசா இருக்குது? பாவப்பட்டு ஓட்டுப் போடுவம்னு சொல்றியா?"

"ஓட்டுக் கேக்கலீங்க. கொழந்தைக்கு ஒடம்பு சூடு இருக்கான்னு பாருங்க. நான் தூக்குனன்."

"இருந்துச்சுன்னா? எங்க வூட்டு ஓட்டு அத்தனையும் போச்சா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போட்டாள். யாரோ ஒரு பெண், அவசரத்தில் இருந்தவள், ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள்: தொற்று இருக்கிறவர்களுக்கும் ஓட்டு உண்டு. சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறுவரை அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. வாசலில் கையுறை கொடுப்பார்கள். உள்ளே அலுவலர்கள் பாதுகாப்பு உடையில் இருப்பார்கள். "இது யாருக்குமே சரியாப் போய்ச் சேரலீங்க" என்றாள் அந்தப் பெண். "நீங்க எந்த வார்டு?" கலைமணி வார்டைச் சொன்னாள், வேட்பாளர் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அழைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் இதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேறிவந்தது. நோட்டீசில் இருந்த வாக்குறுதிகள் எதுவும் அவள் எழுதியதில்லை. இதுதான் முதன்முதலாக அவளாகவே வார்டு ஜனங்களிடம் பேசிய பேச்சு.

பொழுது சாயும்போது சந்திரமோகன் படியேறி வந்தார். பாதிப் படியில் நின்றுகொண்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற? நான் தொண்ட கட்டிருச்சுங்கறன், நீ போன் போட்டு ஊரெல்லாம் தண்டோரா போடற. நடுத்தெருவுல என்னப் பொய்யன் ஆக்கிட்ட!"

"நீங்க மதலேனம்மா கடையில போயி காபி குடிச்சீங்களாமா?"

"எனக்குத்தான் இல்லியே?"

"அவங்களுக்கு இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லீருந்தா அந்தம்மா அன்னைக்கே டாக்டரப் பாத்திருக்கும்."

"சொல்லீருந்தா அவங்க கடைக்கு ஒரு ஆள் வருவானா? அதையும் யோசி. நீ நல்லது பண்றதா நெனச்சு அவங்க பொழப்புல மண்ணப் போட்டுட்ட." சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். குரல் இறங்கியது. "எத்தன வருசம் கலை இதுக்கு நான் நாயா அலஞ்சது? உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. ஆனா மெஷின்ல இருக்கறது எம்பேரு. நாளைக்கு அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அலமாரின்னு சொல்ல மாட்டாங்க. கலைமணின்னுதான் சொல்லுவாங்க."

அவர் இறங்கிப்போனார். ஆனால் சாப்பாட்டு வேளையில் படியில் தட்டு இருந்தது. கைதட்டல் மட்டும் இல்லை.

அவர் பயந்ததே நடந்தது. மறுநாள் காலையில் அந்தத் தோசைப் படம் மறுபடி போன்களில் சுற்றியது. யாரோ அதன் மேல் சிவப்பு எழுத்தில், 'கொரோனா பரப்பும் வேட்பாளர்' என்று போட்டிருந்தார்கள். கலைமணியின் முகத்தை மட்டுமல்ல, மதலேனம்மாள் முகத்தையும் சேர்த்து வட்டம் போட்டிருந்தார்கள். எதிர்த்து நின்ற நிர்மலாவின் ஆட்கள் என்று குப்புராஜ் கொதித்தார். அவர் சந்திரமோகனின் சினேகிதர், வாக்குச்சாவடியில் முகவராக உட்கார இருந்தவர். அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மாதா கோயில் தெருவில் அடுப்பு அன்று பற்றவில்லை.

பிரச்சாரம் அன்றோடு முடிகிறது. கீழே குப்புராஜும் இன்னும் இரண்டு பேரும் நோட்டீஸ் கட்டோடு சந்திரமோகனுக்காகக் காத்திருந்தார்கள். அப்போதுதான் கேத்தரின் அழைத்தாள். அழுகையும் மூச்சும் கலந்த குரல்.

"அக்கா, ரெண்டு பேருக்குமே பாசிட்டிவுங்க. அத்தைக்கு மூச்சு வாங்குது. ஆம்புலன்சுக்குப் போடலாம்னா, வேணாம்ங்கறாங்க. சத்தம் போட்டுட்டு வந்து நின்னா தெருவே பாக்கும், அப்பறம் இந்த ஜென்மத்துல கடைக்கு யாரும் வரமாட்டாங்கன்னு அழுவறாங்க. அவரு ஓசூர்ல இருந்து வந்து சேர மத்தியானம் ஆயிரும். யாரக் கேக்கறதுன்னே தெரியலீங்க்கா."

கலைமணி படியின் தலைப்பில் வந்து நின்றாள். மாடிக்கு வந்த பிறகு அறையை விட்டு அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் முறை.

"ஏங்க! மதலேனம்மாவுக்கு மூச்சு முட்டுதாம். ஆம்புலன்சுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்களாம். நீங்க வண்டிய எடுங்க."

சந்திரமோகன் அண்ணாந்து பார்த்தார். கையில் நோட்டீஸ் கட்டு இருந்தது. கூட இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். "நீ போனா அப்பறம் எந்த வூட்டுக்கும் போவ முடியாது மோகன்" என்றார் குப்புராஜ் மெதுவாக. "கடைசி நாளு."

சந்திரமோகன் நோட்டீசை மேசையில் வைத்தார். முகக்கவசத்துக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தருமபுரிக்குப் போகும் வழியெல்லாம் கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாராம். பின் இருக்கையில் மதலேனம்மாள் கேத்தரின் மேல் சாய்ந்து கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்சிஜன் வைத்து, ஜோசப் ராஜ் வந்து சேர்கிறவரை வாசலிலேயே நின்றிருந்தார். திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. பின்பக்கம் உரமூட்டை அடுக்கும் கொட்டகையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து கலைமணிக்குப் போன் செய்தார்.

"சேத்தாச்சு. தாங்கும்னு சொல்றாங்க. நான் இங்கதான் இருக்கப் போறன். ரெண்டு வூட்டுக்குப் போயி மறுபடியும் அதே தப்பப் பண்ண முடியாது. ஆட்டோ மட்டும் சுத்தும். வேற பேச்சு எதாச்சும் பேசி அனுப்பறியா? அந்தப் பழசு வேண்டாம். ஒவ்வொரு வூட்டுக்கும் வந்தன்னு கேக்கறப்பவே எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

இந்த முறை எழுதிக்கொடுக்க யாரும் இல்லை. கலைமணி யோசித்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"நான் கலைமணி பேசறங்க. எனக்குக் கொரோனா வந்திருக்குது. உங்க வூட்டுக்கு நான் வந்தப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் சொல்லீருக்கணும், ரெண்டு நாள் தாமசம் ஆயிருச்சு, மன்னிச்சுக்கங்க. காய்ச்சலு, சளி இருந்தா சுகாதார நெலையத்துல டெஸ்ட் எடுத்துக்கங்க. இருக்குதுன்னு வந்தாலும் உங்க ஓட்டு போகாது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, ஆறு மணிக்குள்ள போட்டுரலாம். யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போயி வெக்க மாட்டாங்க. மதலேனம்மா மேல ஒரு தப்பும் கெடையாது. அவங்க வூட்டுக்கு நோய் கொண்டுபோனது நான்தான்."

அனுப்பியதும் அவர் அழைத்தார். "சின்னத்தச் சொல்லலியே?"

"இதுல வேண்டாங்க."

"ம்" என்றார்.

ஆட்டோ வந்தபோது கவனித்துக் கேட்டாள். அவள் பேச்சு முழுதும் ஓடியது. முடிந்து ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, சந்திரமோகனின் குரல் அடக்கமாக, "உங்கள் சின்னம் அலமாரி" என்றது. கலைமணிக்குக் கோபம் வர வேண்டியிருந்தது. சிரிப்புதான் வந்தது, சிரித்ததில் இருமல் வந்தது. கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனை வாயருகே வைத்து அவர் அதைப் பேசியிருப்பதை நினைத்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் மேல் பிரியமாக இருந்தது.

சனிக்கிழமை சாயந்தரம் கலைமணி தனியாக நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சந்திரமோகன் காலையில் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். முடிவு வராததால் அவரும் ஐந்து மணிக்கு மேல்தான் வருவதாக இருந்தார், தனியாக. தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. வாசலில் சுகாதாரப் பணியாளர் நெற்றியில் வெப்பமானி காட்டிவிட்டுக் கையுறை கொடுத்தார். மைதானத்தில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள்.

நான்கைந்து பேர்தான் இருக்கும். அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயந்ததற்கு அது அதிகம். ராஜப்பன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கும் பொண்டாட்டிக்கும் வந்துருச்சும்மா. கொழந்தைக்கு இல்ல. நீ போன் போடலன்னா நான் காத்தாலயே வந்து அத்தன பேரோடயும் நின்னிருப்பன்." இவ்வளவும் சொல்லிவிட்டு, நன்றி சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி நாற்காலியில் கேத்தரின். மெலிந்திருந்தாள். கலைமணி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"அத்தைக்கு மூச்சு பரவால்லைங்களாம்" என்றாள் கேத்தரின், திரும்பாமலே. "நேத்து கஞ்சி குடிச்சாங்களாம். ஒரே பொலம்பலாம், ஓட்டுப் போட முடியலன்னு. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து ஒரு ஓட்டு விட்டதில்லியாம்."

கேத்தரின் முறை வந்தது, எழுந்து போனாள். கலைமணிக்கு மதலேனம்மாளின் அந்த ஒரு ஓட்டின் கனம் நெஞ்சில் இறங்கியது. அது யாருக்கு விழுந்திருக்கும் என்பதல்ல. ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒருத்தியின் ஓட்டையே பறித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

உள்ளே நீல உடை போர்த்திய அலுவலர்கள் மூன்றுபேர். முகம் தெரியவில்லை. ஒருவர் பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார். "கலைமணி. கணவர் பெயர் சந்திரமோகன்." சன்னலோரம் இருந்த முகவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள், நிர்மலாவின் முகவரும் இழுத்தார், அவளுடைய முகவர் குப்புராஜும் இழுத்தார். இடது கையுறையைக் கழற்றி விரலை நீட்டினாள். மை சில்லென்றிருந்தது.

மறைப்புக்குப் பின்னால் இயந்திரத்தில் தன் பெயரைப் பார்த்தாள். கணவர் பெயர் சேராமல் வெறுமனே கலைமணி. இத்தனை தேர்தலில் அவர் சொன்ன பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறாள். இன்றும் அவர் சொன்ன பொத்தான்தான். ஆனால் அழுத்துவதற்குமுன், இந்தப் பெண்ணுக்கு ஓட்டுப் போடலாமா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். போடலாம் என்று தோன்றியதும் அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை எண்ணினார்கள். நிர்மலா ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. அதுதான் சந்திரமோகனைத் தூங்கவிடவில்லை. போன் போட்டதால் போனதா, படம் போட்டதால் போனதா, கடைசி நாள் வீடு வீடாகப் போகாததால் போனதா என்று பல நாள் கணக்குப் போட்டார். மேல்தெருவில் பேசிவைத்த ஓட்டெல்லாம் அப்படியே விழுந்திருக்கிறது என்பார். அடுத்த நிமிடமே, இல்லை, அங்கேதான் கவிழ்ந்தது என்பார். கலைமணி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவராகவே, "ஆனா ஒண்ணு. அந்தம்மா செத்துப்போயி நாம ஜெயிச்சிருந்தா, அந்தத் தெருவுல எப்புடி நடக்கறது?" என்றார். அதற்குப் பிறகு கணக்கு நின்றது. அவருக்குப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை.

மார்ச் பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், கலைமணி கடையில் தனியாக இருந்தாள். கேத்தரின் வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கலைமணி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லீடறங்க. மனசுல வெச்சுட்டு உங்ககிட்ட உதவி கேக்க முடியாது. நான் உங்களுக்குப் போடல. அன்னைக்குக் கோவம் அப்புடி."

"அது உன்னோட ஓட்டும்மா."

"அண்ணன் வண்டி எடுத்துட்டு வந்ததெல்லாம் தெரியும். நன்றி இருக்குது. ஆனா கோவமும் இருந்துச்சு."

"ரெண்டும் இருக்கும்ல" என்றாள் கலைமணி.

கேத்தரின் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்த வூட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆவுது. முந்தாநாள் கடை போட்டம். பழைய ஆளுங்க பாதிப்பேர் எட்டிக்கூடப் பாக்கல. அந்தப் படம் மனசுல இருக்குது போல. மாவு அப்புடியே புளிச்சுப் போச்சு. நீங்க எல்லா வூட்டுக்கும் போன் போட்டீங்கல்ல. இன்னொருக்கா போட்டுச் சொல்றீங்களா, அத்தைக்குச் சரியாப் போச்சுன்னு?"

"நான் சொன்னா கேப்பாங்களா? தோத்தவ."

"உங்களுக்கு ஓட்டுப் போடாதவங்களும் நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களுக்கே நஷ்டமாவற சேதிய நீங்களே சொன்னீங்கன்னு தெருவுல பேசிக்கறாங்க."

கலைமணி மேசை மேலிருந்த போனை எடுத்தாள். ராஜப்பன் எண்ணைத் தேடிக்கொண்டே, "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு சரியாச் சொல்லு. நானா எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது" என்றாள்.

"கொரோனா சுத்தமா இல்லன்னு சீட்டு குடுத்திருக்காங்க. இளைப்பு இருக்குது, அது எப்பவும் இருக்கறது. காலைல இருமுவாங்க." கேத்தரின் தயங்கினாள். "இருமலையும் சொல்லணுங்களா?"

"சொல்லீரலாம். கடைக்கு வந்து இருமல் சத்தத்தக் கேட்டா எந்திரிச்சு ஓடிருவாங்க. முன்னாடியே தெரிஞ்சா ஓட மாட்டாங்க."

கேத்தரின் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் மேசைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கலைமணி ராஜப்பனை அழைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தறியில் இருப்பார், எடுக்க நேரமாகும். இருவரும் காத்திருந்தார்கள்.